முப்பது நம்பர் ஆயிலும் என் கையெழுத்தும்

விரலில் தொட்டால் அதிரசப் பாகு மாதிரி நூலிழுக்கும் அந்த ஆயில்... டிரைவர் சவரிமுத்து அண்ணன் தினமும் இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் தேய்த்துப் பார்த்துவிட்டு, எவ்வளவு கெட்டி பாருங்க என்று பெருமைப்படுவார்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலைதான். வீட்டில் அடுப்பு எரிவதே அதை நம்பித்தான்.

எங்கள் ஆபீசில் நாலு சக்கரமும் இழுக்கும் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப். சேறு, மணல் எதிலும் போகும். மழைக்காலக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. முக்கும், முனகும், நின்றுவிடும். பியூன், டைப்பிஸ்ட்டோடு நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவேன். பேட்டரி சரியில்லை என்றார்கள்.

ஜீப்போடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். மழைக்கு முப்பது நம்பர் ஆயில், கோடைக்கு நாற்பது. நம்பர் ஏற ஏற ஆயில் கெட்டி; குளிரில் அது இன்னும் இறுகி இன்ஜினைச் சுற்ற விடாது. அண்ணன் ஊற்றிக்கொண்டிருந்ததோ ஐம்பது!

ஏன் என்றால், விழிதியூரில் அவர் மச்சான் பம்புசெட்டுக்கு அதைத்தான் ஊற்றுகிறாராம். எங்கள் பக்கத்தில் அப்போது பம்புசெட் குடிப்பதைத்தான் எல்லா இன்ஜினும் குடிக்க வேண்டும். பம்புசெட் காலையில் போட்டால் சாயங்காலம் வரை ஒரே சீராக ஓடும். ஜீப் பத்து இடத்தில் நிற்கும், பத்து தடவை கிளம்பும். அது வேறு, இது வேறு இல்லையா? முப்பது நம்பர் ஆயில் கேட்டு அதிகாரிக்கு எழுதினேன்.

"தண்ணி மாதிரி ஊத்தி இன்ஜினைக் கொன்னுடாதீங்கம்மா," என்றார் அண்ணன்.

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பொண்ணு ஆயிலைப் பற்றிப் பேசுது என்று ஆபீசே சிரித்தது. அதிகாரி, இன்ஜின் ஜாம் ஆனால் நானே பொறுப்பு என்று எழுதிக் கொடு, அப்புறம் வாங்கலாம் என்றார். பயந்துவிடுவேன் என்று நினைத்தார்.

எழுதினேன். கொட்டையாகக் கையெழுத்தும் போட்டேன்.

முப்பது ஊற்றிய மறுநாள் காலை, கொட்டுகிற மழையில் முதல் தடவையிலேயே கிளம்பியது ஜீப். அது கேட்டைத் தாண்டும் வரை வராந்தாவில் நின்று பார்த்தேன். ஆமாம், திமிர்தான்.

அந்தத் திமிர்தான் கோடையில் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது...

நாற்பதுக்கு மாற்ற வேண்டும் என்று தெரியும். ஆனால் கெட்டி ஆயில் வேண்டும் என்று நானே போய்க் கேட்டால், அன்னைக்கே சொன்னோமே என்பார்கள். அதனால் எழுதவே இல்லை.

அக்னி நட்சத்திர வெயில். திருவேட்டக்குடி கடற்கரைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு நானும் போயிருந்தேன். மணலில் லோ கியரில் உறுமிக்கொண்டே போன ஜீப்பில், சூட்டில் ஆயில் தண்ணியாகி, ஆயில் பிரஷர் முள் கீழே இறங்கியது. எனக்கு முன்னால் அண்ணன் பார்த்துவிட்டார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் போதும். இன்ஜினும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும், அவர் ஜெயித்திருப்பார்.

டக்கென்று அணைத்தார். "எறங்குங்கம்மா, ஆறட்டும்."

பனைமர நிழலில் நின்றோம்.

"நாப்பது ஊத்தியிருக்கணும்ணே. தெரிஞ்சேதான் எழுதல."

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழையில அம்பது ஊத்துனது தப்புன்னு எனக்கும் தெரியும்மா. நாந்தான் ஒத்துக்கல."

மறுநாள் நாற்பது கேட்டு எழுதிக்கொண்டு போனேன். அப்போ பழைய கடிதத்தை வாபஸ் வாங்குறியா என்று சிரித்தார் அதிகாரி. மாட்டேன் சார், மழைக்கு அது சரி, வெயிலுக்கு இது சரி, ரெண்டுக்கும் நானே பொறுப்பு என்றேன். பின்னாலேயே வந்த அண்ணன், என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

இப்போது என்னிடம் சின்னதாக ஒரு கார். ஆயில் நம்பரை நாம் பார்க்கவே வேண்டாமாம், சர்வீஸ் செய்பவர்களே ஊற்றிவிடுவார்களாம். போன மாதம் சர்வீஸ் சென்டரில் என்ன ஆயில் என்று கேட்டேன். எல்லாம் ஸ்டாண்டர்டுதான், ஏசியில் உட்காருங்க மேடம் என்றார் டை கட்டிய ஒருவர்.

"சரி தம்பி. இன்ஜினுக்கு ஏதாவது ஆனா நானே பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உக்காந்துக்குறேன்."

உள்ளே போய் ஆயில் கேனை எடுத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே நம்பரைப் படித்தேன்.