கவருக்குள் இருந்து பிடித்த மழை

என் கையெழுத்து கோழி கிளறிய மண்போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனதால் சின்ன ர, பெரிய ற எல்லாம் இடம் மாறித்தான் விழும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம்.

மகள் குவைத்தில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வருவாளா என்று கேட்டால், "பாக்கலாம்ப்பா" என்பாள். போன வருஷமும் அப்படித்தான் சொன்னாள், வரவில்லை. ஒரு நாள் போனில், "அங்க நல்ல மழையாமே. நாகர்கோயில்ல மழை பெய்யிதத போட்டோ பிடிச்சி அனுப்புங்கப்பா" என்றாள். படத்தைப் பார்த்து ஆசை வந்து டிக்கெட் எடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ரப்பர் பால் வெட்டுகிற வேலை. மழை பெய்தால் வெட்டு இல்லை. மறுநாளும் மழை, காலையிலேயே குடையை எடுத்தேன்.

"இவரு போட்டோ பிடிக்கப் போறாராம்!" என்று மகளுடைய அம்மா சிரித்தாள். "கல்யாண வீட்டுல போட்டோக்கு நிக்கச் சொன்னா தூணுக்கப் பொறவால ஒளியுத ஆளு."

நாகர்கோயில் கோட்டாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை. எல்லா இடத்திலும் ஒரே மழைதான். கோயில் கோபுரத்தைப் பிடித்தேன். ஓடை நிறைந்து ரோட்டில் வந்த தண்ணீரைப் பிடித்தேன். ஒரு பஸ்ஸைப் பிடித்தேன், பிறகு எதற்குப் பஸ் என்று தோன்றியது. இதையெல்லாம் பார்த்து யாருக்காவது ஊருக்கு வரத் தோன்றுமா? எனக்கே வீட்டுக்குப் போகத்தான் தோன்றியது.

தார்ப்பாய்க்கு அடியில் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு மீன்காரி படத்துக்கு நன்றாக இருப்பாள் என்று தோன்றியது. போனைத் தூக்கினேன்.

"ஓய், எனக்க மொகத்த எதுக்குப் பிடிக்கீரு? பேப்பர்ல போடவா?"

"இல்ல, மகளுக்கு..."

"மகளுக்கு மீன வாங்கிக் குடும். மொகத்த வச்சி கொழம்பு வைப்பாளா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கை தாழ்ந்து, விழுந்தது தரையின் படம். கால் கிலோ சாளை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

டீக்கடையில் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வெள்ளையாகப் புகை. மழை அப்படிக் கொட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு கடைக்குள்ளேயே பழபஜ்ஜித் தட்டை ஒன்று பிடித்தேன். அதிலும் புகை. கடைக்குள் எங்கே மழை பெய்கிறது? கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் இல்லை. என்னவென்று பிடிபடாமல் எல்லாவற்றையும் அப்படியே அனுப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வீடியோவில் வந்தாள்.

"அப்பா, போனைக் கவருல இருந்து வெளிய எடுத்தீங்களா?"

அப்போதுதான் புரிந்தது. தோட்டத்தில் வேலை செய்கிற நாங்கள் எல்லாருமே போனை பிளாஸ்டிக் கவரில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருப்போம். கவருக்கு மேலேயே விரலால் அமர்த்துவோம், கவரோடேயே பேசுவோம். அதில் பால் தெறித்துக் காய்ந்து ஆடைபோலப் படிந்திருக்கும். கவர் இருப்பதே மறந்துபோயிருக்கும்.

"இல்ல மக்ளே" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் போன் ஆடியது. கூட வேலை செய்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள்.

"இதுல ஒண்ணும் தெரியல்லப்பா. நேருல வந்துதான் பாக்கணும்."

அப்போது வருவியா என்று நான் கேட்டிருக்க வேண்டும். "செரி" என்றேன். டூட்டிக்கு நேரமாயிற்று என்று வைத்துவிட்டாள்.

"அவ வாறாண்ணுதானே சொன்னா?" என்று கேட்டேன்.

"கேலி பண்ணிக் களியாக்கிட்டுப் போறா. அதுகூடவா தெரியாது?" என்றாள் அவளுடைய அம்மா. ஆனால் ராத்திரி சாளையைப் பொரித்துக்கொண்டிருக்கும்போது, அந்த அறையில் கிடக்கிற ரப்பர் ஷீட்டை எல்லாம் மாற்றிப் போடச் சொன்னாள். அது மகளுடைய அறை.

எது சரி என்று இன்னும் தெரியவில்லை. ஷீட்டை மாற்றிவிட்டேன். கவரைக் கழற்றி வைத்திருக்கிறேன். மழை விட்டுவிட்டது.

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை.