எல்லாத்துலயும் ரெண்டு

எங்க மாமா அழகுராஜா இன்றுவரைக்கும் ஒரு ராத்திரிகூட வெட்டவெளியில் படுத்தது கிடையாது. ஒரு கொசு கடித்தால் ரெண்டு நாளைக்குச் சொறிந்துகொண்டே இருப்பார். ஆனால் இமயமலைக்குக் கிளம்புகிற எவனாவது ஏதாவது சாமானை மறந்துவிட்டால், நாகமலை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். உள்ளே புகுந்து ஜிப் போட்டுக்கொள்கிற படுக்கை, நெற்றியில் கட்டுகிற டார்ச், உள்ளங்கை அகலத்தில் கேஸ் அடுப்பு, முதுகில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாக உறிஞ்சுகிற தண்ணிப் பை, எல்லாம் இருக்கிறது. எல்லாத்திலும் ரெண்டு. கூடாரம் மட்டும் ஒன்று, ஏனென்றால் அதுவே ரெண்டு பேர் படுக்கிற கூடாரம்.

வாத்தியங்கள் தனிக்கணக்கு. பீரோவுக்கு மேலே ரெண்டு கிடார், கட்டிலுக்கு அடியில் ரெண்டு மேண்டலின், ஜன்னல் ஓரம் கிடார் குட்டி போட்ட மாதிரி ரெண்டு யுகுலேலே. அரிசி மூட்டை இருக்க வேண்டிய மூலையில் வாத்தியப் பெட்டிகள் இருப்பதால், அரிசி மூட்டை ஹாலில் உட்கார்ந்து எங்களோடு டிவி பார்க்கிறது.

நான் அவருக்கு மச்சினன், கனகலட்சுமி அக்காவின் தம்பி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால் அக்கா வீட்டில் இருக்கிறேன். மாமாவைச் சீண்டுவது எனக்கு வேலை. ஒரு தடவை அந்தத் தண்ணிப் பை ஒன்றில் ரோஸ்மில்க்கை ஊற்றி, "மாமா, மாட்டி நடந்து பாருங்க, தோள் வலிக்குதான்னு" என்று மொட்டை மாடியில் நடக்கவிட்டேன். ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு நின்றார். என்னைப் பார்த்தார். "மாப்ள, இதுல இப்படி ஒண்ணு இருக்குன்னு செஞ்சவனுக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு, மறுபடி நடந்துகொண்டே முழுசையும் குடித்து முடித்தார். இப்படிப்பட்ட ஆளிடம் குறும்பு பண்ணி என்ன லாபம். அந்தப் பையில் வாசம் மட்டும் போகவே இல்லை.

பகலெல்லாம் மாமா தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபிசில் டைப் அடிப்பார். ஊரில் உள்ள வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் கோர்ட்டுக்குப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதே விரல்களைக் கிடாரில் வைத்து மொட்டை மாடியில் உட்காருவார். எதிரே நாகமலை, பெயருக்கு ஏற்ற மாதிரி நீளமாகப் படுத்துக் கிடக்கும்.

நல்லா வாசிப்பாரா என்றால், அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அஞ்சு பாட்டு முழுசாகத் தெரியும். ஆறாவது ஒன்று இருக்கிறது, அது அவரும் தௌஹீத் அண்ணனும் சேர்ந்து போட்ட மெட்டு. அதை மட்டும் பாதி பாதியாகத்தான் வாசிப்பார். கொஞ்ச தூரம் போகும், கையைத் தூக்கிவிட்டுச் சும்மா இருப்பார், தலை மட்டும் ஆடும். பிறகு மறுபடியும் தொடங்குவார். முதல் தடவை கேட்டபோது மறந்துவிட்டார் என்று நினைத்துச் சிரித்தேன்.

"மறக்கல மாப்ள. அது அவன் வாசிக்கிற எடம்."

தௌஹீத் அண்ணன் காஜிமார் தெருக்காரர். ரெண்டு பேரும் இருபது வயதில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு அச்சாபீஸ் மாடியில் கிடார் கற்றுக்கொள்ளப் போனார்கள். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிடார். இவர் கொஞ்சம் வாசித்து அவரிடம் கொடுப்பார், அவர் வாசித்து இவரிடம் கொடுப்பார். அந்த மெட்டே அப்படிக் கை மாற்றுவதற்காகப் போட்டதுதான். ஒரு நாள் அந்தக் கிடாரையும் தூக்கிக்கொண்டு, நாகமலை உச்சியில் ஒரு ராத்திரி தங்கி வாசிப்பது என்று ஏறினார்கள். பாதி மலையில் தூறல் போட்டது. டார்ச் இல்லை, கிடாருக்கு உறை இல்லை, ஒதுங்கக் கூரை இல்லை. ரெண்டு பேரும் சட்டையைக் கழற்றிக் கிடாருக்குப் போர்த்திவிட்டு, வெற்று உடம்போடு விழுந்தடித்துக் கீழே ஓடி வந்தார்கள். "இன்னொரு நாள் ஒழுங்கா வருவோம் பங்காளி" என்று தௌஹீத் அண்ணன் சொல்லியிருக்கிறார். அந்த இன்னொரு நாள் வருவதற்குள் அவருக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது.

அன்றைக்கு மலையில் எதெல்லாம் இல்லையோ, அதையெல்லாம்தான் மாமா இத்தனை வருசமாக வாங்கிக்கொண்டிருக்கிறார். யாரும் கைமாற்றக் காத்திருக்க வேண்டாம் என்பதால் எல்லாத்திலும் ரெண்டு. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து அனுப்புவார். அந்த ஆறாவது மெட்டையும், நடுவில் உள்ள சும்மா இருக்கிற இடத்தோடு சேர்த்தே போனில் பதிந்து அனுப்புவார். அங்கிருந்து மறுநாள், "சூப்பர் பங்காளி" என்று வரும். அதை எனக்கும் காட்டுவார், அக்காவுக்கும் காட்டுவார்.

அக்கா அதையெல்லாம் பாதி கண்ணால்தான் பார்க்கும். ஒரு நாள் மாவு சலித்துக்கொண்டே என்னிடம் சொன்னது: "கல்யாணம் ஆகி வந்த புதுசுல பீரோவத் திறந்தேன்டா. ரெண்டு மக்கு, ரெண்டு டார்ச்சு, ரெண்டு படுக்கை. பரவாயில்ல, மனுசன் நம்மளக் கூட்டிட்டுப் போக எல்லாம் ரெடியா வச்சிருக்காருன்னு நெனச்சேன்."

"பெறகு?"

"பெறகென்ன. ஒரு மக்குல காப்பி ஊத்திக் குடிச்சேன். அது தௌஹீத்தோடதுன்னாரு. கழுவி வச்சுட்டேன்."

வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. ஆனால் மாவைக் கொஞ்சம் அதிக நேரம் சலித்தது.

இந்த வருசம் பக்ரீத்துக்கு தௌஹீத் அண்ணன் லீவில் வந்தார். நாலு வருசம் கழித்து வருகிறார். மாமா சனிக்கிழமை ராத்திரியை மலைக்கு என்று முடிவு பண்ணி, ஒரு வாரமாகப் பையைக் கட்டினார், அவிழ்த்தார், கட்டினார். அக்கா ரெண்டு பேருக்குப் புளிச்சோறு கிண்டி வாழை இலையில் பொட்டலம் போட்டுக் கொடுத்தது. சனிக்கிழமை மத்தியானம் மாமா பைக் ஓட்ட, பின்னால் நான். அவர் நெஞ்சில் ஒரு பை, என் முதுகில் ஒரு கிடார், தோளில் ஒரு கிடார், மடியில் கூடாரம். காளவாசல் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கச்சேரியாண்ணே, வீடு காலி பண்றீகளா?"

"ரெண்டும்தான்" என்றார் மாமா. அம்புட்டு சந்தோசம் அவருக்கு.

காஜிமார் தெரு வீட்டு மாடியில் உப்புக்கண்டம் காய்ந்துகொண்டிருந்தது. தௌஹீத் அண்ணன் வாசலிலேயே மாமாவைக் கட்டிப்பிடித்தார். ஆள் இளைத்துக் கறுத்திருந்தார், நெற்றியில் முடி ஏறிப்போயிருந்தது. அவர் மனைவி சமீனா அக்கா, "வாங்கண்ணே" என்று மோர் கொண்டுவந்து கொடுத்தது. உள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது சபியா. ஆறு வயது.

"என் மகதான்" என்றார் தௌஹீத் அண்ணன். "போன்ல அத்தா அத்தான்னு முத்தமாக் குடுப்பா. நேர்ல வந்ததுலருந்து கதவுக்குப் பின்னாடிதான் இருக்கா. நேத்து பாக்குறேன், நான் அங்கருந்து அனுப்புன வீடியோவப் போட்டுப் பாத்துக்கிட்டு இருக்கா. நான் இங்கன ஹால்ல உக்காந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சமீனா அக்கா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மாமா கொஞ்ச நேரம் பேசிவிட்டு எழுந்தார். "கெளம்புவோமா பங்காளி? வெயில் சாஞ்சதும் ஏற ஆரம்பிச்சா சரியா இருக்கும்."

தௌஹீத் அண்ணன் எழுந்திரிக்கவில்லை. தரையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கோவிச்சுக்காத. நான் வரல."

"முடியலையா? நாளைக்குப் போவமா?"

"நாளைக்கும் வரல பங்காளி. அங்க எனக்கு பைப்லைன் வேலை. குழாய் பாலைவனத்துல எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் நாங்களும் போவோம். படுக்க டென்ட்டுதான். ஒரு டென்ட்டுல எட்டுப் பேரு. காத்தடிச்சா வாய்க்குள்ள மண்ணு. நீ அனுப்புற பாட்டயே அதுக்குள்ள படுத்துக்கிட்டுத்தான் கேப்பேன். லீவுன்னா எனக்கு ஒரே ஆசைதான். நாலு செவுரு, கதவு, பக்கத்துல என் புள்ள. அதுலயும் புள்ள இன்னும் பக்கத்துல வரல."

மாமா மறுபடி உட்கார்ந்தார். "ஒரு தடவகூடச் சொல்லலையே."

"நீ புது டென்ட்டு வாங்கி போட்டோ அனுப்புவ. இந்தப் பக்கம் ஜன்னலு, அந்தப் பக்கம் ஜன்னலுன்னு அம்பு போட்டு அனுப்புவ. அப்படி அனுப்புறவன்ட்ட என்னத்தச் சொல்ல?"

எனக்கு எந்த நேரத்திலும் வாயில் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அன்றைக்கு வரவில்லை. மாமா கூடாரப் பையின் வாரை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அது என்னது?"

மாமா திரும்பிப் பார்த்தார். "இதுவா பாப்பா? வீடு."

"பொய். பைக்குள்ள வீடு இருக்காது."

"இருக்கும். வேணும்னா பாரு."

அங்கேயே ஹால் நடுவில் பையைப் பிரித்தார். நான் டீப்பாயை ஓரம் தள்ளினேன். கம்புகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி வளைத்ததும், ஆரஞ்சு நிறத்தில் கூடாரம் எழுந்து நின்றது, ஃபேனுக்கு ஒரு சாண் கீழே. மலை உச்சியில் நிற்க வேண்டியது, காஜிமார் தெருவில் ஒரு ஷோகேஸுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே நின்றது. சபியா கதவை விட்டு வெளியே வந்து சுற்றிப் பார்த்தது. கையில் அம்மாவின் போன். அத்தாவின் பக்கம் மட்டும் பார்க்காமல் குனிந்து உள்ளே போய், ஜிப்பைக் கீழேவரை இழுத்துச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தௌஹீத் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். வீடியோ கால். திரையில் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், நடுவில் சபியாவின் முகம்.

"அத்தா, நான் புது வீட்டுல இருக்கேன்."

மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவர் போனைப் பார்த்தே கேட்டார். "எப்படி இருக்கு வீடு?"

"நல்லாருக்கு. ஜன்னல் இருக்கு. நீங்க எப்ப வருவீங்க?"

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். "இந்தா வாரேன். கதவு எங்கன இருக்கு?"

"ஜிப்ப இழுங்க."

இனி டென்ட்டுக்குள் தலை வைக்க மாட்டேன் என்ற மனுசன் நாலு காலில் தவழ்ந்து உள்ளே போனார். ஜிப் மூடியது. போன் ரெண்டும் அணைந்துபோய், உள்ளே நிஜக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. சமீனா அக்கா சமையல்கட்டு வாசலில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தை நான் ஜிப்பின் ஓரமாக உள்ளே தள்ளிவிட்டேன். ஒரு சின்னக் கை அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

மாமா சுவரில் சாய்ந்து கிடாரை எடுத்தார். அந்த ஆறாவது மெட்டைத்தான் வாசித்தார். சும்மா இருக்கிற இடம் வந்ததும் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். கூடாரத்துக்குள்ளிருந்து தௌஹீத் அண்ணன் தன் பங்கை வாயால் பாடினார். புளிச்சோறு மென்றுகொண்டே பாடியதால் சுருதி அப்படி இப்படித்தான் இருந்தது. மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிளம்பும்போது தௌஹீத் அண்ணன் வெளியே தலையை மட்டும் நீட்டினார். "இவ தூங்கிட்டா, நான் எந்திரிச்சா முழிச்சிருவா. ஒரு கிடார வச்சுட்டுப் போ பங்காளி. லீவு முடிஞ்சு போற வரைக்கும் வாசிச்சுப் பாக்குறேன்."

"அது உன்னோடதுதான்."

"அண்ணே, டென்ட்டு?" என்றது சமீனா அக்கா.

"பாப்பா வீடும்மா. நான் எப்படிப் பிரிக்க?"

திரும்பி வரும்போது பைக்கில் இடம் தாராளமாக இருந்தது. துவரிமான் பக்கம் வரும்போது நாகமலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை ஓரம் கட்டி, அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு மறுபடி கிளப்பினார். தூறல் இல்லை. மலை ஏறுவதற்கு அதைவிட நல்ல சாயங்காலம் கிடைக்காது.

வீட்டு வாசலில் அக்கா எங்களை எண்ணிப் பார்த்தது. பிறகு சாமானை எண்ணிப் பார்த்தது. நான்தான் அடுப்படியில் போய் எல்லாத்தையும் சொன்னேன்.

மாமா மாடியில் இருந்தார். அக்கா டீ போட்டு எடுத்துக்கொண்டு மேலே வந்தது. டம்ளரில் இல்லை. அந்த மக்கு ரெண்டிலும் ஊற்றியிருந்தது. ஒன்றை மாமாவிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தானே பிடித்துக்கொண்டு தண்ணித் தொட்டிப் படியில் உட்கார்ந்தது. மாமா அந்த மக்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். தன் டீயைக் குடித்தார்.

கிடாரை எடுத்து அதே மெட்டைத் தொடங்கினார். சும்மா இருக்கிற இடம் வந்தது. கையைத் தூக்கினார். எதிரே மலை கறுத்துக்கொண்டு வந்தது.

"மேல தண்ணி கிடைக்குமா?" என்றது அக்கா.

மாமாவின் கை தூக்கின இடத்திலேயே நின்றது. "மலை மேலயா?"

"ம்."

"கிடைக்காது. நாமதான் தூக்கிட்டுப் போகணும்."

"டென்ட்டு இல்லாம படுக்கலாமா?"

"மழை இல்லேன்னா படுக்கலாம். கொசு இருக்கும்."

"எனக்கென்ன, உங்களத்தான் கடிக்கும்." டீயை ஒரு வாய் குடித்தது. "தண்ணிய எதுல கொண்டு போறது? ஒரு பை பத்தாது, இன்னொண்ணு இன்னும் ரோஸ்மில்க் நாத்தம் அடிக்குது."

ரெண்டு பேரும் என் பக்கம் திரும்புவதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன். பீரோவைத் திறந்து அந்தத் தண்ணிப் பையை எடுத்து, ரெண்டு எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பிழிந்து, குழாயடியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். மாடியில் மெட்டு இன்னும் மறுபடி தொடங்கவில்லை. பேச்சுக்குரல்தான் கேட்டது.