சகலை வண்டியின் ஃபோர்க்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. சகலை வந்திருந்தார். பாடாலூர்க்காரர், என் மனைவி மாலாவின் தங்கை கணவர். எனக்கு அன்று ஆபீஸ். அதனால் மாலாவைக் கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலுக்கு அவர்தான் தன் பைக்கில் கூட்டிப் போய் வந்தார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மாலா பெருமாளைப் பற்றிப் பேசவில்லை.

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரரு வண்டி பள்ளத்துல எறங்குனதே தெரியலங்க! உங்க வண்டியில போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு இடுப்பைப் புடிச்சுக்கிட்டுல்ல கெடக்கணும்..."

சிமென்ட் லாரிகள் உழுது போட்ட ரோடு எங்கள் அரியலூருடையது. பதினாறு வருஷமாக அந்த ரோட்டில் அவளை ஏற்றிப் போகிறவன் நான். ஒரே ஒரு நாள் கூட்டிப் போனவருக்கு சர்டிஃபிகேட்டா? வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு வரக்கூடாதா என்ன?

பேச்சுவாக்கில் கேட்பதுபோல் சகலையிடம் விசாரித்தேன்.

"முன் சக்கரத்து ஃபோர்க்ல, அதாங்க அதிர்வு தாங்குற ரெண்டு குழாய்லயும், ஆயில் மாத்துனேன். ஸ்பிரிங்கும் புதுசு. பெரம்பலூர்ல நல்ல மெக்கானிக் ஒருத்தரு இருக்காரு, சொல்லி வைக்கட்டுங்களா சகல?"

"வேணாம், வேணாம்" என்றேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அதே மெக்கானிக் முன்னால் நின்றேன்!

ஃபோர்க்கைக் கழற்றிக் கவிழ்த்தார். பழைய ஆயில் டிகாஷன் மாதிரி கறுப்பாக ஒழுகியது. "வண்டி வாங்குனதுலேருந்து மாத்தவே இல்லையா சார்?" என்றவர், அளவு ஜாடியில் புது ஆயிலை எடுத்தார்.

"பாடாலூர்க்காரருக்கு எவ்வளவு ஊத்துனீங்க?"

"இதே அளவுதான் சார். ரெண்டு பக்கமும் சமமா."

"எனக்குக் கொஞ்சம் கூட ஊத்துங்க. ஸ்பிரிங்கும் அதைவிட ஸ்ட்ராங்கா போடுங்க."

"சார், இது சாம்பார் இல்ல. கூட ஊத்துனா உள்ள காத்துக்கு எடமிருக்காது. ஃபோர்க் கட்டையாட்டம் ஆயிரும்."

கேட்டேனா? பொறாமைக்காரனுக்குக் காது ஏது?

அன்று சாயங்காலமே மாலாவை ஏற்றிக்கொண்டு பெருமையாகக் கிளம்பினேன். முதல் ஸ்பீட் பிரேக்கர்... வண்டி அமுங்கவே இல்லை. நாங்கள்தான் எகிறினோம்.

"நிறுத்துங்க" என்றாள். இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண் கலங்க நின்றாள். "இனிமே உங்க வண்டியில ஏற மாட்டேன். நான் பஸ்லயே வந்துக்கிறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயிற்றெரிச்சலுக்கு அவள் இடுப்பா பலி?

கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த ஞாயிறு அவளையும் பெரம்பலூருக்கு வரவழைத்தேன். பஸ்ஸில்தான் வந்தாள். மெக்கானிக் கூடுதல் ஆயிலை எடுத்தார், ஸ்பிரிங்கை மாற்றினார். எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் உட்கார வைத்து, முன்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். சகலையும் தன் வண்டிக்கு வேலை பார்த்த அன்றைக்கு மச்சினியைக் கூட்டி வந்து, உட்கார வைத்துத்தான் செட் பண்ணிக்கொண்டு போனாராம். எனக்கு அது தோன்றவே இல்லை.

திரும்பும்போது என் பைக்கிலேயே ஏறினாள். ஒரு பள்ளம் வந்தது, போனது. தோளில் கை விழுந்தது.

"பஞ்சு மாதிரி இருக்குங்க!"

ஆஹா... பதினாறு வருஷத்தில் இந்த ஒரு வார்த்தை போதாதா?

அடுத்த பள்ளமும் தாண்டியது. மாலா சந்தோஷமாகச் சொன்னாள்: "பின்ன சும்மாவா? தங்கச்சி வீட்டுக்காரரு பாத்து வச்ச மெக்கானிக்காச்சே!"