எலுமிச்சைத் தொட்டிக்கு நாலு சக்கரம்

“பிரேக் இல்லாத சக்கரம்தான் போட்டிருக்கேன். செடிக்கு எதுக்குப் பிரேக்? அது என்ன, எந்திரிச்சு ஓடவா போகுது?”

யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. மனைவி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மகள், பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, சாப்பாட்டு வண்டி என்று உருளுகிற எல்லாவற்றையும் பழுது பார்த்தவர். அங்கே அவருக்கு ‘சக்கரம்’ என்றுதான் பேர். விரல் பட்டால் வண்டி ஓட வேண்டும், சத்தம் வரக்கூடாது. ஊரையே உருட்டிவிட்ட மனுஷன் வீட்டில் மட்டும், மொட்டைமாடித் தொட்டியை மனைவி கையால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“வெயில் ஏறுனா எலுமிச்சை வாடிப்போகுதுங்க. அடியில சக்கரம் வச்சு ஒரு பலகை செஞ்சு குடுங்களேன்.”

“இந்த ஞாயித்துக்கிழமை பாத்துரலாம்.”

அவள் முதன்முதலில் கேட்டு மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளுக்கா பஞ்சம்? எல்லாவற்றையும் தூங்கியே தீர்த்தார்.

போன மாதம் அவர் கடைக்குப் போயிருந்த நேரம், அவளே தொட்டியைக் கட்டிப்பிடித்து நகர்த்தினாள். இடுப்பில் மளுக்கென்றது. மூன்று மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேத்தியோ பிறக்கும்போதே மூன்று கிலோ.

சாதாரணப் பேத்தியா அது! கொட்டாவி விட்டால் வாய் ஒரு சட்டைப் பித்தான் அளவுக்கு வட்டமாகும். தும்மிவிட்டு, தும்மியது யார் என்று தானே திகைத்துப் பார்க்கும். பாட்டிக்காரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு விரலை நீட்டுவாள். அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்துவைத்தது. குழந்தை அழுதால் அவள் கை இரண்டும் தானாக நீளும், பாதியில் நின்றுவிடும். அப்படி நின்ற கையை அவர் பார்த்தார். அன்றைக்குத்தான் ரம்பத்தைத் தேடி எடுத்தார்.

மூன்று பலகைத் துண்டு, குறுக்கே இரண்டு சட்டம், தண்ணீர் வடிய நடுவில் ஒரு ஓட்டை, மூலைக்கு ஒரு சக்கரம். தொட்டியைச் சாய்த்து, விளிம்பிலேயே உருட்டி ஏற்றினார். ஒற்றை விரலால் தொட்டார். வழுக்கிக்கொண்டு போனது. நிழலில் நிறுத்திவிட்டு, பெருமை தாங்காமல் சாப்பிட இறங்கி வந்தார்.

‘செடிக்கு எதுக்குப் பிரேக்’ என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலே கடகடவென்று ஏதோ உருண்டது. அப்புறம் டமார். அவர் மாடிக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரித் தரை சமமானது. மொட்டைமாடியோ மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் வைத்துக் கட்டியது. இத்தனை வருஷம் சமமான தரையிலேயே சக்கரம் ஓட்டியவருக்கு அது தோன்றவே இல்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியிருக்கிறது. தொட்டி நேராகத் தண்ணீர் வடியும் குழாய் மூலைக்கு ஓடிச் சுவரில் முட்டி நின்றது. விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. செடிக்கு ஒன்றுமில்லை.

“என்னப்பா, எந்திரிச்சு ஓடிருச்சா?” என்றாள் மகள், பின்னாலேயே வந்து.

மனைவி சுவரைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தாள். உடைந்த துண்டைப் பார்த்தாள்.

“பரவால்ல விடுங்க. மூணு வருஷமா நகராதது இன்னைக்காவது நகந்துச்சே.”

மகள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலமே இரண்டு சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பிரேக் வைத்த சக்கரம் வாங்கிவந்து மாட்டினார்.

இன்று காலை அவளை மாடிக்குக் கூட்டிப்போனார். அவள் குனியாமல் கால் கட்டைவிரலால் பிரேக்கை விடுவித்து, காலாலேயே லேசாகத் தள்ளினாள். தொட்டி நிழலுக்குப் போய், பிரேக்கை அழுத்தியதும் அப்படியே நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கீழே குழந்தை அழுதது. அவள் கை நீண்டது, பாதியில் நின்றது.

அவர் அவளை மெதுவாகக் கீழே கூட்டிவந்து, நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் தலையணை போட்டு, பேத்தியைத் தூக்கிவந்து அதன்மேல் கிடத்தினார். அழுகை நின்றது. அவள் குனியாமல் விரலை மட்டும் கொடுத்தாள்.

“ஏங்க, அந்தப் பலகை செய்ய உங்களுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?”

அவர் பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அரை நாள்மா. நடுவுல டீ குடிச்ச நேரத்தையும் சேத்து, அரை நாள்.”