அப்பாவின் லொறி கீச்சிட்ட மாதங்கள்

லொறி திருத்துவதுதான் என் தொழில். ஜெர்மனியில், ஹனோவருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தேன். யார் கேட்டாலும் நான் பெருமையாகவே சொல்வேன். அப்பாதான் சொல்லமாட்டார். கோயிலிலோ கல்யாண வீட்டிலோ "மகள் என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால், "வாகனப் பொறியியல் படிக்கிறா" என்பார். என் நீலச் சட்டையும் நகக்கண்ணில் போகாத கறுப்பும் அந்த வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடும். கேட்டவர் உடனே தன் மகன் டொக்டருக்குப் படிப்பதைச் சொல்லத் தொடங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனைக்கும் அப்பாவே லொறிக்காரர். சொந்தமாக ஒரு குளிரூட்டிய லொறி வைத்து, தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி, மீன், முருங்கைக்காய் எல்லாம் கொண்டுபோய்ப் போடுகிறார். அவர் லொறி ஓட்டலாம், நான் திருத்தக்கூடாது. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் லொறி கீச்சிடத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் தெரு முழுக்கக் கேட்கும். மேல்மாடி ஜெர்மன்காரர் ஜன்னலைச் சாத்துவார். கடைக்காரர்கள், "அண்ணை, நீங்கள் வாறது அடுத்த ஊரிலயே கேக்குது" என்று பகிடி விட்டார்கள். அப்பா தனக்குத் தெரிந்த ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே பெல்ட்டை மாற்றினார்கள். சில வாரங்களில் சத்தம் திரும்ப வந்தது. திரும்பவும் பெல்ட்டை மாற்றினார்கள். திரும்பவும் வந்தது. கடைசியில், இன்ஜினுக்கு வயது போய்விட்டது, வித்துவிடுங்கள் என்றார்களாம்.

"பெல்ட்டில பிழையில்லை அப்பா, அதைத் தின்னுற ஏதோ ஒண்டு உள்ளுக்க இருக்கு. எங்கட பட்டறைக்குக் கொண்டு வாங்கோ" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அங்க வேண்டாம். எங்கட ஆக்கள் அந்த ரோட்டால போய் வாறவை" என்றார்.

லொறியை என் பட்டறையில் கண்டால் என்னையும் அங்கே காண்பார்கள் என்பதுதான் அவர் பயம். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

லொறியை வாங்க ஒருவர் வருவதாக முடிவான பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார். "விக்கிறதெண்டாலும் ஒருக்கா அவளிட்டக் காட்டிப்போட்டு வில்லுங்கோ. அவளும் அதைத்தானே படிச்சவள்." அடுத்த சனிக்கிழமை, பட்டறையில் ஆள் குறைவான நேரம் பார்த்து, அப்பா லொறியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கும்போதே ரோட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

கபினை முன்னால் சாய்த்து, இன்ஜினை ஓடவிட்டு, பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் விசிறினேன். தண்ணீர் பட்டுச் சத்தம் கூடினால் பெல்ட் தளர்வாக இருக்கிறது. அடங்கிவிட்டுத் திரும்ப வந்தால், பெல்ட் சுற்றி ஓடும் கப்பிகளில் ஏதோ ஒன்று நேராக நிற்கவில்லை. சத்தம் சட்டென்று அடங்கி, பிறகு மெல்லத் திரும்பியது. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினேன். புதுப் பெல்ட்டின் ஒரு பக்க ஓரம் மட்டும் அப்பா உடுத்தும் பழைய சாரத்தின் கரை மாதிரி நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

பிறகு ஒவ்வொரு கப்பியையும் கையால் சுழற்றினேன். டைனமோ கப்பி வழுவழுவென்று சுற்றியது. தண்ணீர்ப் பம்ப்பும் அப்படியே. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கப்பியிலும் குறையில்லை. கடைசியாக, பெல்ட்டின் திசையை மாற்றிவிடுவதற்கென்றே இருக்கும் ஒரு சின்னக் கப்பி. அது உறுமியது. விரலால் அசைத்தால் ஆடவும் ஆடியது. இரண்டு முறை பெல்ட் மாற்றியவர்கள் இதை ஒருமுறையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம்.

கப்பியைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கம் மஞ்சள் நைலோன் நூல் இறுகச் சுற்றி, சூட்டில் பாதி உருகிக் கிடந்தது. பேரிங்கின் மூடியை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. கிறீஸ் எல்லாம் வெளியேறி, பேரிங் வறண்டு போயிருந்தது. நூலோடு ஒரு காய்ந்த பூவிதழும் ஒட்டியிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. குளிர்காலத்துக்கு முந்திய விஜயதசமி வாகன பூசையில் எல்லோரும் முன்கண்ணாடிக்குக் கீழே மாலை போட, அப்பாவுக்கு மட்டும் அது போதவில்லை. கோயில் கார் தரிப்பிடத்திலேயே கபினைச் சாய்த்து, இன்ஜினுக்கும் ஒரு மாலை போட்டார். ஐயர் ஸ்டூலில் ஏறி நின்று தீபம் காட்டினார். பூ உதிர்ந்திருக்கும். நூல் உதிரவில்லை.

கப்பியை அப்பாவின் கையில் வைத்தேன். அவர் இதழைப் பார்த்தார். நூலைப் பார்த்தார்.

"நான் போட்ட மாலையோ?"

"ஓம் அப்பா."

புதுக் கப்பியும் புதுப் பெல்ட்டும் போட்டு ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜின் மட்டும் முழங்கியது, வேறு ஒரு சத்தமும் இல்லை. என் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் மறைக்கவும் இல்லை. அப்பா இன்ஜினுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். லொறியை விற்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு கல்யாண வீட்டில் "வாகனப் பொறியியல்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பட்டறையில் வந்த மகிழ்ச்சியெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

அடுத்த விஜயதசமிக்குச் சேலை உடுத்திக் கோயிலுக்குப் போனேன். தரிப்பிடத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. மகன் டொக்டருக்குப் படிப்பதைச் சொல்லித் திரிகிறவர்களில் ஒருவர் தன் புதுக் காரின் பொனற்றைத் திறந்து, மாலையை உள்ளே தொங்கவிடப் போனார். போன வருடம் அப்பாவைப் பார்த்துப் பழகியது போலும்.

"அண்ணை, உள்ளுக்குப் போடாதேங்கோ!" அப்பா போட்ட சத்தத்தில் ஐயரும் திரும்பிப் பார்த்தார். "நூல் கப்பியில சுத்தினா பேரிங் போயிடும்."

"ஆர் சொன்னது?"

அப்பா ஒரு கணம் தயங்கினார்.

"என்ரை மகள். லொறி மெக்கானிக். மற்றவை கைவிட்ட என்ரை லொறியைத் திருத்தினதே அவள்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, இஞ்ச வா. அண்ணையின்ர காரையும் ஒருக்காப் பார்" என்றார்.

நான் சேலைக் கொய்யகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்தேன். சனம் கூடிவிட்டது. அப்பா என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, நான் நிமிரும் வரை பக்கத்திலேயே நின்றார்.