பிரிக்காத மாத்திரை அட்டை

அட்டையில் பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன. நாலு மணி நேரத்துக்கு ஒன்று என்று சொல்லி மெட்டில்டா நேற்றுக் கொடுத்துவிட்டுப் போன மார்ஃபின்.

செம்பாக்கத்து ஒற்றை அறை வீட்டில் அயூப் முழங்காலை வயிற்றோடு மடக்கி முனகிக்கொண்டு கிடந்தான். திருமுடிவாக்கத்தில் இருபது வருஷம் லேத் ஓட்டியவன், வயிற்றில் புற்று. வீடு வீடாகப் போய்ச் சாகக்கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் மெட்டில்டாவுக்கு அந்த முனகல் பழக்கம்.

“ஏன் ஷரீஃபா குடுக்கல?” என்று அவன் மனைவியைக் கேட்டாள்.

“தூக்கமா இருக்கும்னு சொன்னீங்களேக்கா. ரூஹு பிரியறப்போ கடைசி வார்த்தையா கலிமா சொல்லணும். நாக்கு குழறிடுச்சுன்னா?”

“ரெண்டு நாள்ல தெளிஞ்சிடுவாரு. பள்ளிவாசல் ஹஜ்ரத்தே மருந்து தப்பில்லன்னாரே.”

“அவரா சாகப் போறாரு?”

மெட்டில்டாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் திட்டும் தகுதி அவளுக்கு இல்லை. எட்டு வருஷத்துக்கு முன், 1998இல், அவள் கணவர் ஜீவரத்தினம் எலும்புப் புற்றோடு கிடந்தபோது, வலி சிலுவையில் பங்கு என்றார் போதகர். நர்ஸ் படித்தவள், ஆமென் சொல்லி வலிக்கான ஊசியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அடுத்தவன் வலியைப் புனிதமாக்குவதில் மட்டும் நம்மூரில் மதச்சண்டை வந்ததே இல்லை.

அயூப்பிடம் குனிந்தாள். “அண்ணா, உங்க உடம்பு. நீங்க சொல்லுங்க, தரவா?”

அவன் மனைவியைப் பார்த்தான். “அவ பயப்படறா சிஸ்டர். இருக்கட்டும். ஓவர்டைம்னு நெனச்சிக்கிறேன்.”

வேண்டாம் என்பவன் வாயில் திணிக்க அவளுக்கு உரிமையில்லை.

“நீங்க உங்க ஜெபத்தப் பண்ணுங்கக்கா,” என்றாள் ஷரீஃபா.

மெட்டில்டா கண்ணை மூடினாள். ஒரு சொல்லும் வரவில்லை. ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போனபோது ஷரீஃபா அவன் காதருகே கலிமாவைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அயூப் முதல் சொல்லை எடுப்பான். வலி அதை அலறலாக்கிவிடும். மறுபடி எடுப்பான். மறுபடி அலறல். நாக்கு குழறவே இல்லை.

மெட்டில்டா அட்டையைப் பிரித்து ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தாள். இந்த முறை ஷரீஃபாவே அவன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். விழுங்கும் தெம்பு அவனுக்கு இல்லை. மருந்து கடைவாயில் வழிந்து தலையணையில் ஊறியது.

கடைசியாக அவன் வாயிலிருந்து வந்தது, “யம்மா.”

ஷரீஃபா மெட்டில்டாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். “கலிமா பாதி சொன்னாருல்லக்கா? அது அல்லாகிட்ட சேரும்ல?”

“சேரும்,” என்றாள் மெட்டில்டா. அதைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.