பதினைந்தாம் வருஷத்து நவம்பர்

காரைக்குடியில் ஒரு கல்லூரியின் கடலியல் ஆய்வகத்தில் மீனம்மாளுக்குப் பாட்டில் கழுவும் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவள். கல்லலிலிருந்து பஸ்ஸில் வருவாள், அதிகம் பேசமாட்டாள். வருஷா வருஷம் பேராசிரியை விசாலி கையெழுத்துப் போட்டால்தான் வேலை நீடிக்கும். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். மீனம்மாள் மட்டும் ஆச்சி என்பாள்.

தொண்டிப் பக்கத்து உப்பங்கழியிலிருந்து மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் வரும். அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி கெடாமலிருக்க அயோடின் ஊற்றி வைப்பார்கள். பார்க்க ஆறிப்போன கடுங்காப்பி மாதிரி இருக்கும்.

2015 எல் நினோ வருஷம். எங்கோ பசிபிக் கடல் சூடானால் இங்கே ஐப்பசி மழை கொட்டும், உப்பங்கழியில் உப்புக் குறையும், பாசியின் இனமே மாறும் என்பார் ஆச்சி. 2023இலும் எல் நினோ. ஒப்பிட்டு எண்ணிப் பார்க்க, பழைய வருஷத்தில் மிஞ்சியது நவம்பர் பாட்டில் ஒன்றுதான். அதை எடுத்துக் கழுவும் தொட்டி ஓரம் வைத்துவிட்டு ஆச்சி கூட்டத்துக்குப் போனார்.

மறுநாள் ஆயுத பூஜை.

"தொட்டிக்கிட்ட இருக்கதெல்லாம் கழுவிருங்கக்கா, பொட்டு வைக்கணும்" என்றான் அட்டெண்டர் இருளாண்டி.

மீனம்மாள் எதையும் அரிசி களைவது போலத்தான் கொட்டுவாள். ஆட்டாமல், மெல்லச் சரித்து. இரண்டு விரல் தண்ணீர் மிஞ்சியபோதுதான் பாட்டிலின் மறுபக்கத்தில் 'நவம்பர் 2015' என்ற சீட்டைப் பார்த்தாள்.

இருளாண்டியும் பார்த்தான். "கேண்டீன்ல கடுங்காப்பி வாங்கி ஊத்திருவோம். நிறம் சரியா இருக்கும்."

"சீனி போடாமயா?"

"சீனி எதுக்கு?"

அடியில் புழுதி மாதிரி ஏதோ படிந்திருந்தது. மீனம்மாள் மூடியைத் திருகி, ஆச்சி வரும்வரை பாட்டிலைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ஆச்சி, கொட்டிட்டேன்."

"எதை?"

"பதினஞ்சு நவம்பரை."

ஆச்சி உட்கார்ந்தார். குனிந்து பாட்டிலின் அடியைப் பார்த்தார். "குலுக்குனீகளா?"

"இல்ல ஆச்சி. அரிசி களையுற மாதிரிதான்."

"முன்னாடி எதுவரைக்கும் இருந்துச்சு?"

"கழுத்து வரைக்கும்."

"அப்ப ஒரு லிட்டர், கணக்குக்கு அது வேணும்" என்று எழுதிக்கொண்டார். "எட்டு வருஷமா படிஞ்சு கிடக்கு, எல்லாம் அடியிலதான் இருக்கும். எண்ணுறதுக்கு முன்னாடி மேல்தண்ணிய எடுத்துத்தான் ஆகணும். நான் குழாய் வச்சு அரை நாள் உறிஞ்சுவேன்."

பூஜையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். அந்தப் பாட்டிலைத் தொட ஆச்சி விடவில்லை.

மார்ச்சில் கையெழுத்து வந்தது. வேலை என்ற இடத்தில் 'பாட்டில் கழுவுதல்' என்பதோடு 'வடித்தல்' என்றும் சேர்ந்திருந்தது. சம்பளம் அதேதான்.